கட்டத்தைக் காலியாக விடக்கூடாது

பயிற்சித்தாளில் கோடு போடுவது லேசான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேள்விக்குக் கீழே எவ்வளவு நீளத்துக்குக் கோடு போடுகிறோமோ, பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு நீளத்துக்குத்தான் யோசிக்கும். சின்னக் கோடு போட்டால் ஒரு பெயரை எழுதும். கொஞ்சம் நீட்டினால் ஒரு வாக்கியம் எழுதும். கோடே இல்லாத வெள்ளைத்தாளைக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும். நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான். இந்த விஷயம் எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், இதுதான் தொடக்கம். அந்தக் குழந்தை மாடி ஜன்னலிலிருந்து குதித்தது கடைசியில்தான் வரும். எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் கட்டம் டீச்சர். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. காரணத்துக்கு ஒரு கட்டம், அதிலிருந்து ஓர் அம்பு, அம்பின் முனையில் விளைவுக்கு ஒரு கட்டம். ஒரு கதையைப் படித்தால் முதலில், பிறகு, கடைசியில் என்று மூன்று கட்டம். இரண்டு பொருள்களை ஒப்பிடுவதற்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு வட்டம்; இரண்டுக்கும் பொதுவானது நடுவில் போகும். எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து நானே வரைவேன். ஆசிரியர் அறையை ஒட்டிய ஜெராக்ஸ் அறையில் நின்றுகொண்டு, மெஷினிலிருந்து சூடாக வரும் தாள்களை ஓரம் தட்டி அடுக்குவேன். பக்கத்துப் பள்ளிகளிலிருந்துகூட வந்து கேட்டு வாங்கிப் போவார்கள். என் கட்டங்கள் இல்லாமல் இந்த ஊரில் ஒரு பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை.

பக்கத்து வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்தார். விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் அடித்தால் மைதானத்தின் கோடியில் இருக்கும் பிள்ளையும் ஓடிவரும். விசில் சார் என்றே பெயராகிவிட்டது. என் தம்பியைவிடச் சின்னவர். வந்தவுடனேயே என் தாள்களில் ஒரு கட்டு எடுத்து, பாடவாரியாக அடுக்கி, நூல் சுற்றி, அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். "ரொம்ப நன்றி டீச்சர்" என்றார். நல்ல பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தாள்களை நான் மறுபடி பார்த்தது அவர் வகுப்பு ஜன்னலில். பறவைகளாக மடித்து, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றின் இறக்கையில் என் கட்டம் தெரிந்தது. இன்னொன்றின் வாலில் 'காரணம்' என்ற எழுத்து பாதியில் மடிந்து கிடந்தது. வரிசையில் போன என் வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து வாயைப் பிளந்தார்கள்.

"நல்ல மொறமொறப்பான பேப்பர் டீச்சர், அழகா மடிஞ்சுச்சு. பறக்கிறதப் பத்தின பாடம், அதான்" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் என்னைக் குத்திக்காட்ட அப்படிச் செய்யவில்லை. என்னை நினைத்தே பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்று வீட்டில் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர். "பறவையா? பார்க்க நல்லாத்தானே இருந்திருக்கும்? விடு" என்றார். அவர் தட்டில் இருந்ததை முடிக்கும் முன்பே நான் என் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு ஆசிரியர் கூட்டம். அடுத்த வருடத்துக்கு என்னென்ன பயிற்சித்தாள் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். வழக்கமாக எல்லோரும் என் பக்கம் திரும்புகிற இடம் அது. விசில் சார் கையைத் தூக்கி, "எனக்கு வேண்டாம் மேடம். கேள்வி கேட்டா புள்ளைங்க யோசிக்குது. கட்டம் போட்டுக் குடுத்தா கட்டம்தான் ரொம்புது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருடம் என் தாள்களைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்கள்தான் சிரித்தார்கள். தலைமையாசிரியையும் சிரித்துவிட்டு, என் கையைத் தட்டி, "நீங்களும் ஒருநாள் அவர் கிளாஸ்ல போய் உட்கார்ந்து பாருங்களேன்" என்றார். என்னை. கற்றுக்கொள்வதற்கு.

போய் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க. அங்கேதான் சுண்டெலியைப் பார்த்தேன்.

சுண்டெலி என்பது எல்லோரும் கூப்பிடும் செல்லப்பெயர். சின்ன உருவம், மேசைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவாள். அப்பா இல்லை, அம்மா மருந்துக்கடையில் நிற்கிறார். முந்தைய வருடம் அவள் என் வகுப்பு. வருடம் முழுவதும் ஒரு தாளைக்கூட அவள் எனக்கு நிரப்பித் தந்ததில்லை. கட்டத்துக்கு ஜன்னல் கம்பி வரைந்து வைப்பாள். ஒருதடவை கட்டத்துக்குள் ஒரு பூனையைத் தூங்கவைத்திருந்தாள். நான் அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எந்தப் பிள்ளை மேலும் கை வைத்ததில்லை. இடைவேளைக்கு விடாமல் என் மேசைக்கு எதிரில் உட்காரவைப்பேன், அவ்வளவுதான். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். கட்டம் காலியாகவே இருக்கும். சின்னப் பெண் என்னைத் தோற்கடிக்கிறாள் என்று தெரியும். அதை வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

அவருடைய வகுப்பில் அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். கோடில்லாத தாள், வரிகள் மேலும் கீழுமாக ஓடின. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கமும் முடிந்து, "சார், இன்னொரு பேப்பர்" என்று கையை நீட்டினாள். வழி தவறிப்போன ஓர் ஆற்றைப் பற்றி ஏதோ எழுதியிருந்தாள். அவர் அதை வாசித்துக்காட்டினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு ஒரு வார்த்தை தராதவள் அவருக்கு அள்ளிக் கொடுத்திருந்தாள்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அது கத்துகிற கோபம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நுணுக்கமாகத் தையல் போடவைக்கிற கோபம். அப்படிப்பட்ட கோபத்தில் என் கை நடுங்காது. கோடு இன்னும் நேராக வரும்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. மதிய இடைவேளையில் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். சுண்டெலி நடைபாதைக் கோடியில் இருக்கும் விளையாட்டுச் சாமான் அறைக்குள் போய் ஒளிந்தாள். மழையில் ஊறிப்போன கதவு, சட்டத்தில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டினாள். விசில் சார் ஓடிவந்து தோளால் முட்டித் திறந்தார். வெளியே வந்தவளின் தலையெல்லாம் தூசி. சிரிப்பை அடக்க முடியாமல், "யாருமே கண்டுபிடிக்கல, நாந்தான் ஜெயிச்சேன்" என்றாள். நான் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தேன். தட்டியதற்கும் திறந்ததற்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். நான் குடித்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும்.

எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடவேளையில் நூலக அறையில் நான் தனி வகுப்பு எடுப்பது வழக்கம். யார் யார் வர வேண்டும் என்று நான்தான் தேர்ந்தெடுப்பேன். சுண்டெலியைச் சேர்த்தேன். அன்று கண்ணாமூச்சி ஆடியவர்களில் இன்னும் சிலரையும் சேர்த்தேன்.

"சுண்டெலி நல்லா எழுதுவாளே டீச்சர்?" என்று விசில் சார் கேட்டார்.

"நல்லா எழுதறா. வரிசையா எழுதத் தெரியல. கொஞ்சம் பழக்கிவிடறேன் சார்."

"உங்களுக்குச் சிரமம் இல்லன்னா சரி" என்று அவரே அனுப்பிவைத்தார்.

முதல் தாள் சாதாரணமானது. நடுவில் ஒரு வட்டம், அதில் 'இருட்டு அறை' என்று எழுதியிருந்தேன். சுற்றிலும் ஐந்து கட்டம்: என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், என்ன வாசனை, எதைத் தொட்டாய், எப்படி உணர்ந்தாய். எந்தப் பள்ளியிலும் கொடுக்கிற தாள்தான். சுண்டெலிக்குச் சொந்த அனுபவம் என்பதால் முதல்முறையாக எனக்கு எழுதினாள். பழைய ரப்பர் பந்து வாசனை. சாரின் விசில் சத்தம். வலையில் கை மாட்டியது. உணர்வு என்ற கட்டத்தில் 'ஜாலி' என்று எழுதியிருந்தாள். நான் அவளைப் பாராட்டி ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்.

அடுத்த தாளில் அந்த உணர்வுக் கட்டத்துக்குப் பதிலாக முகங்கள் வரைந்தேன். எவ்வளவு பயம் என்று ஒரு முகத்துக்கு வட்டம் போட வேண்டும். கொஞ்சம் பயந்த முகம், அதிகம் பயந்த முகம், அழுகிற முகம். சிரிக்கிற முகத்துக்கு ஓரத்தில் இடம் போதவில்லை.

"டீச்சர், இதுல ஜாலி முகம் இல்ல" என்றாள்.

"இருக்கிறதுல ஒண்ணத் தேர்ந்தெடு கண்ணு."

கொஞ்சம் பயந்த முகத்துக்கு வட்டம் போட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேனா? இல்லை. அவள்தான் போட்டாள்.

பிறகு கதை வரிசைத் தாள். முதல் கட்டத்தில் 'கதவு மூடியது' என்று அச்சிட்டு, அதன் கீழே 'மூடியது யார்?' என்று கேட்டு ஒரு கோடு போட்டேன். ஒரு பெயர் எழுதுகிற அளவுக்குச் சின்னக் கோடு.

"யாரும் மூடல டீச்சர். தானா மாட்டிக்கிச்சு."

"கட்டத்தைக் காலியா விடக்கூடாது. உனக்குத் தெரியலன்னா மத்தவங்களக் கேளு."

பிள்ளைகளால் காலியான கட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. சுண்டெலி ஒருத்தியைத் தவிர நான் பார்த்த எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒருவன், சாவி யாரிடம் இருக்கும் என்று யோசித்து 'சார்' என்று எழுதினான். பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்து எழுதினாள். கதவுப் பக்கத்தில் சார் நின்றதை எல்லோருமே பார்த்திருந்தார்கள். திறந்தவர் கதவுப் பக்கத்தில்தானே நிற்பார்? அடுத்த வகுப்பில் இரட்டை வட்டம் கொடுத்தேன். நான் நினைப்பது ஒரு பக்கம், நண்பர் நினைப்பது மறுபக்கம், இருவரும் ஒத்துப்போவது நடுவில். ஒத்துப்போகிறவர்களுக்கு நட்சத்திரம். சுண்டெலிக்கு அன்று நட்சத்திரம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த வகுப்பில் கிடைத்தது.

காரணம், விளைவுத் தாளைக் கடைசியில்தான் கொடுத்தேன். விளைவு என்ற கட்டத்தில் 'சார் கதவை மூடினார்' என்று நானே அச்சிட்டேன். பிள்ளைகள் சேர்ந்து ஒத்துக்கொண்டதைத்தான் அச்சிட்டேன். காரணக் கட்டம் காலி. ஒரு ஆசிரியருக்கு ஏன் கோபம் வரும் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கேட்க வேண்டியதே இல்லை. பேசிக்கொண்டே இருந்தேன், எழுதாமல் இருந்தேன், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுண்டெலி வெகுநேரம் பென்சிலை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழுதினாள்: 'நான் கெட்ட பெண்ணாக இருந்தேன்.' எழுதிவிட்டு அழ ஆரம்பித்தாள். அந்தத் தாளின் அடியிலும் முகங்கள் வரைந்திருந்தேன்; அழுகிற முகத்துக்கு அவளாகவே வட்டம் போட்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்தது. எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே ஒரு இடத்திலும் போகவில்லை.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. "புள்ளைங்க என்னமோ எழுதியிருக்காங்க மேடம். எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல" என்றேன். அவர் படித்தார். கூட்டத்தில் என் கையைத் தட்டிச் சிரித்தவர், என்னை உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி முதல் தாளிலிருந்து படித்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். பெற்றோர்கள் கும்பலாக வந்து கேட்டில் நின்றார்கள். அப்போது விசாரித்தவர்கள் சுண்டெலியைத் தனியாகக் கேட்டார்கள். அவள் தங்குதடையில்லாமல் சொன்னாள், முதலில் இது, பிறகு இது, கடைசியில் இது என்று, பந்து வாசனை உட்பட. இவ்வளவு கோவையாகச் சொல்கிற குழந்தை பொய் சொல்லாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. கோவையாகச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

விசில் சாரை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுக் கேட்டபோது, "நான்தாங்க திறந்தேன்" என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். அவளைப் பார்த்து, "நீயே சொல்லும்மா" என்றார். அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, "உன்னைய நம்பித்தானேடா விட்டேன்" என்று கத்தியது மைதானம் வரைக்கும் கேட்டது. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்க்கக் கூடாது என்றும் ஆகிவிட்டது.

தன் சாமான்களை எடுக்க வந்தபோது ஜெராக்ஸ் அறை வாசலில் என்னை மறித்து நின்றார். அவரும் கத்தவில்லை. "என்மேல கோபம்னா என்னைய அடிச்சிருக்கலாம் டீச்சர். அந்தப் புள்ள மண்டைக்குள்ள ஏன் பூந்தீங்க?" என்றார். மெஷினில் தாள் சிக்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வகுப்பையும் என் வகுப்போடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள். அவர் இருந்த மாடி அறை. பறவைகளை நானே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தேன். சுண்டெலி மறுபடி என் வகுப்பு.

அவளுக்குப் பயம் பிடித்திருந்தது. வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தமாட்டாளாம். லிஃப்டுக்குள் அம்மாவின் கையைக் கடித்துவிட்டாளாம். நடக்காத ஒன்று அவளுக்கு நடந்ததாகவே ஆகிப்போயிருந்தது. அந்த அம்மா என்னிடம் வந்து, "டீச்சர், கிளாஸ் கதவ மட்டும் தொறந்து வைங்க. மூடினா அவளால மூச்சு விட முடியல. உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று கெஞ்சினார். சரி என்றேன். கதவைத் திறந்தே வைத்தேன். அவளைக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்காரவும் வைத்தேன்.

அதற்கு அவள் செய்த கைம்மாறு என்ன தெரியுமா? அன்றைக்கு ஒரு சின்னப் பாடத்துக்கான தாள், மழை எப்படிப் பெய்கிறது என்பது. நான்கே கட்டம். எல்லோரும் நிரப்பிக் கொடுத்தார்கள். அவள் வெறும் தாளை நீட்டினாள். பூனைகூட வரையவில்லை. "ஏன் எழுதல?" என்றேன். "பிடிக்கல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அவரை அனுப்பியாயிற்று, பறவைகளை அவிழ்த்தாயிற்று, எல்லாம் என் கைக்கு வந்த பிறகும் இவள் ஒருத்தி என்னிடம் காலித் தாளை நீட்டுகிறாள்.

நடைபாதையில் சத்தமாக இருந்ததால் கதவைச் சாத்தினேன் என்று முதலில் எழுதிக்கொடுத்திருந்தேன். அது பொய். நடைபாதை அமைதியாகத்தான் இருந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். "எழுதி முடி, திறக்கிறேன்" என்றேன். வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. மற்ற பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்; உட்காரச் சொன்னேன். அவள் கதவைப் பிறாண்டினாள். பிறகு சத்தமில்லாமல் திரும்பி, பெஞ்சுகளுக்கு அடியில் புகுந்து, ஜன்னல் பக்கம் எழுந்தாள். அந்த ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. அவள் திண்டில் ஏறியதைப் பார்த்தேன். எழுந்து போகலாம் என்று தோன்றியது. போனால் கதவையும் திறக்க வேண்டும், கட்டம் காலியாகவே இருந்துவிடும். நான் எழவில்லை.

கீழே மண்தரை என்பதால் உயிர் பிழைத்தாள். இரண்டு காலும் உடைந்துவிட்டன. மறுபடி ஓட முடியாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்வி. படுக்கையில் கிடந்தபடி ஒருநாள், "சார் மூடலம்மா, தானா மாட்டிக்கிச்சு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா என் வீட்டு வாசலுக்கு வந்து, தெருவே எட்டிப்பார்க்க, "எம்பொண்ணு வாயில வார்த்தையத் திணிச்சு அவளக் கொன்னுட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். கொன்றேன் என்பது சரியில்லை. குழந்தை உயிரோடுதான் இருக்கிறது. என் கணவர் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். துணிகளை எடுத்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

விசில் சார் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாராம். அவளும் அவர் வந்தால்தான் சாப்பிடுகிறாளாம். நீங்கள் இதைச் சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. எனக்குக் கோபம்தான் வந்தது. கோவையாக எழுதக் கற்றுக்கொடுத்தது அவர் இல்லை. உட்கார்ந்து நட்சத்திரம் ஒட்டியதும் அவர் இல்லை.

செய்ததை ஒத்துக்கொள்கிறேன். கேள்விகளை எழுதியவள் நான், கதவைச் சாத்தியவள் நான், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சுண்டெலி எழுதிய தாள்களைச் சாட்சியம் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் அவற்றை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு கட்டம்கூடக் காலியில்லாமல் அவ்வளவு சுத்தமாக நிரப்பியிருக்கிறாள், அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட எனக்கு வேறு இல்லை.